டயர் ஏற பலம் வேண்டாம், பள்ளம் போதும்

பழைய பைக்கின் பின் டயரைக் கடைசியில் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாற்றிவிட்டேன். தரையைப் பிடிக்கும் பட்டன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்புகள். அங்கேயே டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தேன், 2314. அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

வீலைக் கழற்றுவது சுலபம். ஆக்ஸில் எந்தக் கோட்டில் இருந்தது என்று மட்டும் முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு செயின் சரிசெய்யும்போது உதவும். வால்வுக்குள் இருக்கும் ஊசியையே கழற்றிக் காற்றை முழுவதும் விட வேண்டும், அழுத்தி விட்டால் மட்டும் போதாது. ரிம்மோடு ஒட்டிக் கிடந்த டயர் விளிம்பை இறக்கத்தான் நேரம் பிடித்தது. வருஷக்கணக்கில் இறுகிய ரப்பர், லேசில் விடாது. பெரிய சி-கிளாம்ப்பை வைத்து இறுக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, நாலு விரல் தள்ளி மறுபடி இறுக்கி, இப்படியே ஒரு சுற்று வந்த பிறகுதான் விட்டது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். டயர் விளிம்புக்குள் இருப்பது இரும்புக் கம்பி, அது இழுத்தால் நீளாது. டயரை நெம்பும் லீவரில் எவ்வளவு தொங்கினாலும் வராது, ரிம்தான் வளையும். ஆனால் ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே சுற்றளவு குறைவு. எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கம் தேவையான இடைவெளி தானாகக் கிடைக்கும். ஒரு தடவைக்கு இரண்டு விரல்கடை எடுத்தால் போதும். டியூப் டயரில் வால்வு இருக்கும் இடத்தில் பள்ளத்தை டியூப் அடைத்துக்கொள்ளும், அதனால் கழற்றும்போது வால்வுக்கு அருகே ஆரம்பித்து, மாட்டும்போது வால்வுக்கு அருகே முடிக்க வேண்டும்.

நான் முதலில் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் முடித்தேன். கடைசி ஒரு சாண் இறுகிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, லீவரை ஆழமாகச் செருகி நெம்பினேன், காற்றடித்ததும் உஸ்ஸ். புது டியூபில் லீவர் நுனி கடித்த இடம் அரை அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. மனசே விட்டுப்போச்சு. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, வேறு டியூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று விட்டு, பவுடர் தூவி உள்ளே வைத்தேன். இந்த முறை வால்வை உள்பக்கம் தள்ளிவிட்டு அங்கே முடித்தேன். கடைசித் துண்டு கிட்டத்தட்ட கையாலேயே ஏறிவிட்டது!

அப்புறம் காற்று. டயரில் உள்ள அம்புக்குறி வீல் உருளும் திசையைப் பார்க்கிறதா என்று மாட்டும் முன்பே பார்த்திருப்பீர்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. காற்றை இறக்கி, அங்கே மட்டும் இன்னும் சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் திரும்ப அடித்தேன். ‘டப்’ என்று உட்கார்ந்தது.

செயின் தளர்வு, ஆக்ஸில் நட்டு, பிரேக் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்தேன். மறுநாள் காலையில் காற்றை அளந்தேன், இறங்கவில்லை.