நோட்டாமில் எட்டு மணி நேரத்தைத் தொலைத்த கதை

புதன்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் பினாங்கு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் வைத்திருப்பவர். “அண்ணே, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கா எங்களை இறங்கச் சொல்கிறீர்கள்? இடி மழையிலா?” என்றார். நான் சிரித்தேன். காலையில் வரும்படிதானே எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்! அவர் சிரிக்கவில்லை. “நோட்டாமை எடுத்துப் படியுங்கள், நான் காத்திருக்கிறேன்” என்றார்.

நோட்டாம் என்பது விமானிகளுக்கு வெளியிடும் அதிகாரபூர்வ அறிவிப்பு. எங்கள் சனிக்கிழமைச் சந்திப்புக்கு ஓடுதளம் திறந்திருக்கும் நேரம் அதில் இருந்தது. படித்தேன். 0800 முதல் 1300 வரை. நான் எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் போட்டிருந்தார்கள். நோட்டாமில் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முன்னால் ஓடுகிறது. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆக, என் அறிவிப்பின்படி எங்கள் புல் ஓடுதளம் மாலை நான்கு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடும். அங்கே ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

யார் மேலும் பழி போட முடியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திட்டம் சின்னதுதான். சொந்தமாகவோ பங்கு போட்டோ சிறு விமானம் வைத்திருக்கும் எங்களில் சிலர் ஒரு சனிக்கிழமை காலை பேராக்கின் தென்கோடியில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் புல் ஓடுதளத்தில் இறங்குவது, சாப்பிடுவது, மதியத்துக்குள் கிளம்புவது. சுபாங்கிலிருந்து பறந்தால் முக்கால் மணி நேரம். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்தக் காரில்தான் நான் மூன்று வாரங்களில் ஆறு முறை போய் வந்தேன்.

எல்லாம் ஒரு சாப்பினால், அதாவது ரப்பர் முத்திரையினால், வந்த வினை. நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள் விமானத்துறை அலுவலகத்தில். தோட்ட நிர்வாகி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடிதத்தோடு கோலாலம்பூர் திரும்பி, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாப் மானா?” (சாப்பு எங்கே?) என்று ஒரே கேள்வி கேட்டார். கையெழுத்து இருக்கிறதே என்றேன். கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாமாம், நிறுவனத்தின் சாப்பு வேண்டுமாம். சரி, நியாயம்தான். மீண்டும் தோட்டம்.

அடுத்த முறை சாப்போடு போனேன். அன்று வெள்ளிக்கிழமை. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை என்பதை இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் மறந்திருந்தேன். இரண்டரை மணி நேரம் மாமாக் கடையில் உட்கார்ந்து மூன்று தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினால், அதே மனிதர் அதே கடிதத்தைப் பார்த்து, தலைப்பில் இருப்பது நிறுவனத்தின் பழைய பெயர் என்கிறார்! நிலப் பட்டாவில் புதிய பெயர் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. முதல் முறை வந்தபோதும் அந்தத் தலைப்பு அங்கேதான் இருந்தது, அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “அன்றைக்குச் சாப்பு இல்லையே” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியவர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். புதிய பெயர் பொறித்த சாப்பு மேசை இழுப்பறையின் அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. மைத்தட்டு காய்ந்து வெடித்திருந்தது. அவர் அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்து, முதலில் தன் உள்ளங்கையிலும் பிறகு ஒரு சம்பளச் சீட்டின் பின்புறத்திலும் குத்திப் பார்த்து, மூன்றாவதாகத்தான் கடிதத்தில் வைத்தார். “மூன்று பிரதி போட்டுத் தருகிறேன் சார், நாளைக்கு வேறு ஏதாவது கேட்பார்கள்” என்றார். கேட்டார்கள். இதில் இறங்கப் போகிறவர்கள் முதலில் பட்டாவின் நகலை வாங்கி, அதில் உள்ள பெயரும் கடிதத் தலைப்பும் சாப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அசல் குறைந்தது மூன்று இருக்கட்டும்.

காவல் நிலையம், தீயணைப்பான்கள், புல் வெட்ட டிராக்டர் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. காப்பீட்டுப் பத்திரத்தை மட்டும் நுணுக்கிப் படியுங்கள். என்னுடையதில் பதிவு பெறாத தளத்தில் இறங்குவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

எங்களுக்குள் சண்டை வந்தது ஓடுதளத்தின் நீளத்தில். 800 மீட்டர் என்றதும் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழு டாங்கியோடு வருவதாகச் சொன்னார். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி முழு எடையில், கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், 50 அடி உயரத் தடையைத் தாண்டி ஏற 1,630 அடி, அதாவது சுமார் 497 மீட்டர் போதும். ஆனால் அது தார்த்தளக் கணக்கு. ஈரப் புல்லுக்கு 30 விழுக்காடு கூட்டச் சொல்கிறது பிரிட்டிஷ் விமானத்துறை ஆணையத்தின் வழிகாட்டி. கூடும் ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் இன்னும் 10 விழுக்காடு. 30 பாகையில் 743 மீட்டர் ஆகிறது. அதன்மேல் பாதுகாப்புக்கு 1.33 மடங்கு போட்டால் 988 மீட்டர். அந்த 50 அடி வெறும் ஏட்டுக் கணக்கும் இல்லை. தளத்தின் வடக்கு முனையில் நிற்கும் கிழட்டுச் செம்பனைகளின் உயரம் ஏறக்குறைய அதுதான். 172இல் வருபவர்கள் விமானத்துக்கு இரண்டு பேர், அரை டாங்கி எரிபொருள் என்று முடிவு செய்தோம். குடும்பத்தோடு வரவிருந்தவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு குடும்பத்தைக் காரில் அனுப்பினார்.

காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தைக்க பிரிக்பீல்ட்சில் ஒரு தையல்காரரிடம் ஆரஞ்சுத் துணி கொடுத்தேன். கோயில் கொடியா என்று கேட்டார். விளக்கிச் சொல்லி, படமும் வரைந்து கொடுத்தேன். அழகாகத்தான் தைத்திருந்தார், ஆனால் திறந்திருக்க வேண்டிய சிறு முனையையும் சேர்த்து மூடிவிட்டார். நீளமான தலையணை உறை. காற்று உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் ஊதிக்கொண்டு நின்றது. தோட்டத்தில் கத்தரிக்கோலால் நானே வெட்டினேன்.

மாடுகள் வேறு. ஓடுதளம் எங்களுக்கு ஓடுதளம். அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டிக்கு அது மேய்ச்சல் நிலம். மூன்று பசுக்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் போய் மிரட்டியதில் பாட்டி பிடிவாதமாகிவிட்டார். நான் தனியாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு மட்டும் கட்டிப்போடுங்கள், தீவனம் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். “உன் விமானம் மாட்டை முட்டுமா, மாடு விமானத்தை முட்டுமா, தம்பி?” என்று கேட்டார். எது நடந்தாலும் எனக்குத்தான் நட்டம் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் அந்தப் புதன்கிழமை அழைப்பு. வியாழன் காலை எட்டு மணிக்கு அலுவலக வாசலில் நின்றேன். இந்த முறை யாரும் அலைய விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நோட்டாமுக்கு மாற்றாக வேறொன்று போட்டார்கள்: 0100 முதல் 0500 வரை, நம் நேரப்படி காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று. எழுதிக் கொடுத்த இளம்பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாதம் ஓரிருவர் இப்படி வருவதுண்டு என்றார். பொய்யாகவும் இருக்கலாம். நன்றி அம்மா.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பறக்க வேண்டிய நான் மண்வெட்டியோடு தளத்தில் நின்றேன். இரவு காட்டுப்பன்றிகள் வந்து தென்முனையில் கிளறிவிட்டிருந்தன. ஒவ்வொரு குழியும் ஒரு சாண் ஆழம். செஸ்னாவின் மூக்குச் சக்கரத்தை ஒடிக்க அது தாராளம். மண்டோரும் நானும் மண் போட்டு மிதித்து, லாரி டயரை உருட்டி அழுத்தினோம். பிறகு காரை ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முனைக்கு முனை ஓட்டிப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த தேநீர் சிந்தியது, ஆனால் பல் ஆடவில்லை. நம்பிக்கை வராமல் அந்த முனையில் 80 மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு இப்பால் இறங்க வேண்டாம் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். பன்றிகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இரவுக் காவலுக்கு ஒருவரை வைத்திருந்தால் நான் அன்று என் விமானத்திலேயே வந்திருப்பேன். பங்காளி ஓட்டி வந்தார்.

வருவதாகச் சொன்னவை ஒன்பது. வந்தவை ஐந்து. முதலில் வந்தது பினாங்கு 172. செம்பனைகளுக்கு மேலே தாழ்ந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஈரப் புல்லில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. சக்கரம் தெறித்த நீர் இறக்கையின் அடியில் வெள்ளையாக எழும்பியது. பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் கயிற்றுக்கு அப்பால் நின்று கத்தினார்கள். பாட்டி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கிராணியின் வீட்டிலிருந்து இட்லியும் கோழிக் குழம்பும் வந்தன.

மதியம் ஒரு மணிக்குள் தளம் காலி. இரண்டே காலுக்கு மழை கொட்டியது. அப்போது நான் காற்றுப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. பினாங்கு நண்பரின் செய்தி: “பத்திரமாக இறங்கினேன், 0535.” மழையில் நின்றபடியே விரல் விட்டு எட்டைக் கூட்டினேன்.