பூட்டிய வீடுகளும் ஜிபிஎஸ் புள்ளிகளும்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் டிராஜெக்டூல்ஸ் என்று ஒரு இலவசச் செருகுநிரல் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது. வண்டியோ ஆளோ கப்பலோ, எது நகர்ந்தாலும் அது விட்டுச்சென்ற ஜிபிஎஸ் புள்ளிகளை நேர வரிசையில் கோத்துப் பாதையாக்கி, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த வேகத்தில் போனது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். அனிதா கிரேசர் உருவாக்கிய மூவிங்பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம்தான், அதாவது பைத்தான் மொழியில் எழுதிய நிரல் தொகுப்புதான் உள்ளே ஓடுவது. சமீப காலமாக இதில் வசதிகள் கூடிக்கொண்டே போகின்றன, நானும் காரைக்குடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது நமக்கு உதவுகிறது, எது வெறும் வேடிக்கை, எதில் இந்த ஊரில் கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று எழுதலாம் என்றிருக்கிறேன். மூன்றாவதுதான் நீளம், இப்போதே சொல்லிவிட்டேன்.

தரவு ஒரு நண்பருடையது. சுற்றுலா வண்டிகள் விடுகிறார். பொது வாகனங்கள் எங்கே போகின்றன என்று கண்காணிக்கும் ஏஐஎஸ் 140 கருவி அவர் வண்டிகளில் இருக்கிறது, அது பாட்டுக்குப் புள்ளிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஓட்டுநர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதைத் தவிர அதை யாரும் திறப்பதில்லை. அவருடைய கேள்வி ரொம்ப எளிது. "பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் மூணையும் ஒரே நாள்ல முடிக்கிறதாத்தான் போட்டிருக்கோம்ணே. மதியச் சாப்பாடு மட்டும் எப்பப் பாத்தாலும் மூணு மணிக்குப் போயிருது. நேரம் எங்க போகுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

இதற்கு உண்மையிலேயே உதவியது நிறுத்தம் கண்டுபிடிக்கும் வசதிதான். இரண்டே எண்கள் கொடுக்க வேண்டும்: இத்தனை மீட்டர் விட்டத்துக்குள், இத்தனை நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால் அது நிறுத்தம். 100 மீட்டர், 5 நிமிடம் என்று கொடுத்தால் ரயில்வே கேட்டில் நின்றது, டீக்கடையில் நின்றது எல்லாம் சேர்ந்து வந்து குழப்பும். நேரத்தை 15 நிமிடத்துக்கு ஏற்றியதும் படம் தெளிந்துவிட்டது. கோயிலில் போவதாக நண்பர் நினைத்துக்கொண்டிருந்த நேரம் ஆத்தங்குடியில் போகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சூளையே இல்லாமல் ஒரு தரை ஓடு உருவாவதை நேரில் பார்த்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் வண்டி ஏற மாட்டார்கள். அப்புறம் வாங்கலாமா, எப்படி அனுப்புவீர்கள், உடையாதா என்று பேச்சு. இதைச் சொல்லச் செருகுநிரல் வேண்டுமா, எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாரே என்றால், ஆமாம், சொல்லியிருப்பார். ஆனால் முதலாளி ஓட்டுநரிடம் கேட்பதில்லையே, வரைபடத்தில் சிவப்பு வட்டமாகக் காட்டினால்தான் நம்புகிறார்.

கானாடுகாத்தானில் வேறு சிக்கல். மணிக்கணக்கில் ஒரே நிறுத்தம், அதுவும் ஊருணிக் கரை ஓரமாக. விருந்தினர்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றார்களா என்றால் இல்லை, ஓட்டுநர் நிழல் பார்த்து வண்டியைப் போட்டிருக்கிறார். அவர்கள் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார்கள். வண்டித் தரவு வண்டியைப் பற்றித்தான் சொல்லும், ஆட்களைப் பற்றிச் சொல்லாது. வெளிநாட்டில் பெரிய நிறுவனங்கள் விற்கும் நடமாட்டப் பகுப்பாய்வு அறிக்கைகளைப் பார்க்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஆள் என்று எழுதியிருப்பது பல சமயம் ஒரு போன், அவ்வளவுதான்.

அதனால் சம்மதித்த சில விருந்தினர்களிடமிருந்து போனில் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்புகளை (நடந்த தடத்தின் ஜிபிஎஸ் பதிவு) வாங்கிப் போட்டோம். இங்கேதான் செட்டிநாட்டு வீடு விளையாட்டுக் காட்டியது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள், கனத்த சுவர்கள். உள் அறைக்குள் போனதும் புள்ளி பக்கத்து வீட்டுக்குத் தாவுகிறது, பின் தெருவில் நடக்கிறது, திரும்பி வருகிறது. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில் வந்து நின்றால் மட்டும் மேலே வானம் திறந்திருப்பதால் ஒழுங்காக உட்காருகிறது. தாவிய புள்ளிகளைக் களையும் வசதியும் கல்மான் வடிகட்டி என்ற கணக்கு முறையை வைத்துப் பாதையைச் சீராக்கும் வசதியும் இருக்கின்றன, இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் வேக வரம்பைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள். உச்சி வெயிலில் கானாடுகாத்தான் தெருவில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் எந்தச் சுற்றுலாப் பயணியும் நடக்க மாட்டார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தரவு அறுந்த இடத்தில் பாதையை வெட்டும் வசதி, சிக்னல் போன நேரத்தையும் பயணமாக எண்ணாமல் காப்பாற்றுகிறது, கட்டாயம் பயன்படுத்துங்கள். கோட்டை எளிமையாக்கும் வசதி பெரிய கோப்புகளுக்கு. பஸ் கால அட்டவணைக் கோப்புகளைப் படிக்கும் வசதி சென்னை மாதிரி ஊர்க்காரர்களுக்கு ஆகும். கியூஜிஐஎஸ்ஸின் நேரக் கட்டுப்பாட்டுப் பலகை 2020-இல் 3.14 பதிப்பிலேயே வந்துவிட்டது, அதில் புள்ளிகளை ஓடவிட்டுக் காட்டினால் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள், அதைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது அந்த மூன்றாவது விஷயம்.

நண்பருக்கு இணையதளம் செய்து தருபவர் ஒரு யோசனை சொன்னார். இந்தத் தரவை எல்லாம் அறுகோணக் கட்டங்களாக மாற்றி, எங்கே ஆள் நடமாட்டம் அதிகம், எங்கே குறைவு என்று வண்ணம் பூசித் தளத்தில் போட்டுவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்றார். அறுகோணம் என்றால் ஊபர் 2018-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஹெச்3 கட்டமைப்பு, நிலை எண் ஏற ஏறக் கட்டம் சிறிதாகும். 9-ஆம் நிலையில் ஒரு கட்டம் சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தனி ஆள் யாரும் தெரியாது, மொத்த எண்ணிக்கைதானே, என்ன தப்பு என்று கேட்டார்.

தி. நகரில் அந்த அளவுக் கட்டத்துக்குள் எத்தனை ஆயிரம் பேர் வந்துபோவார்கள் என்று யோசியுங்கள். அங்கே கூட்டத்தில் ஒருவர் மறைந்துவிடலாம். நம் பக்கத்துக் கிராமத்தில் அதே கட்டத்துக்குள் வரிசையாக மாளிகைகள், அவற்றில் பாதிக்கு மேல் பூட்டு. சொந்தக்காரர்கள் சென்னையில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். மாலை மங்கிய பிறகு அங்கே ஒரு புள்ளி விழுந்தால் அது காவல்காரர், அல்லது ஊரோடு இருந்துவிட்ட ஒரு ஆச்சி. மொத்த எண்ணிக்கை என்று நாம் பெயர் வைத்தாலும் அங்கே அது ஒரே ஆள்தான்.

இதைத் தடுக்க வழக்கமாகச் செய்வது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருக்கும் கட்டங்களைக் காலியாகக் காட்டுவது. அதிலும் ஓட்டை இருக்கிறது. வருடம் முழுக்கக் காலியாக இருக்கும் ஒரு கட்டம் கல்யாணத்துக்கோ படைப்பு வழிபாட்டுக்கோ குடும்பம் வந்து இறங்கியதும் ஒளிரும், அவர்கள் கிளம்பியதும் அணையும். எந்த வீடு எப்போது திறக்கிறது, எப்போது பூட்டப்படுகிறது என்பதை வாரா வாரம் புதுப்பித்துத் தருகிற வரைபடம் அது. பர்மா தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் என்ன விலை போகும் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு முறை நடந்து பழம்பொருள் கடைகளைப் பார்த்தாலே தெரியும். அங்கே விற்பவர்களைக் குறை சொல்லவில்லை, அது முறையான வியாபாரம். பூட்டிய வீட்டில் என்ன இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம் என்றுதான் சொல்கிறேன், எந்த வீடு எத்தனை மாதமாக ஆளில்லாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்து நாமே வரைந்து கொடுப்பானேன்?

விருந்தினர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் ஒரு ஆச்சியிடம் இந்த யோசனையைச் சொன்னேன். மடிக்கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, எங்க பங்காளி வீட்டுல ஆளில்லைங்கிறத நீயே தண்டோரா போட்டுச் சொல்லப்போறியா?"

இது நம் ஊருக்கு மட்டும் வந்த பயம் இல்லை. 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் 15 லட்சம் பேருடைய 15 மாத மொபைல் தரவை எடுத்துப் பார்த்தார்கள். இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. 2018 ஜனவரியில், ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில், வேறு நடமாட்டமே இல்லாத பாலைவனத்துக்கு நடுவே ராணுவ முகாம்களில் ஓடியவர்களின் தடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பெயர் எதுவும் இல்லை, மொத்தத் தரவுதான், சுற்றிலும் யாரும் இல்லாததாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. 2023-இல் வந்த நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அடையாளம் காணக்கூடிய ஆளைப் பற்றிய தரவைத்தான் பேசுகிறது. பூட்டிய வீடு ஒரு ஆள் கிடையாது, அதைப் பற்றி அந்தச் சட்டம் பேசாது.

அதனால் எனக்கு இப்போது மிகவும் பிடித்த கருவி, படம் எதுவும் வரையாத ஒன்று. சைக்கிட்-மொபிலிட்டி என்ற பைத்தான் நூலகத்தில் தனியுரிமை ஆபத்தை அளக்கும் பகுதி இருக்கிறது. ஒருவர் அதிகம் போகும் இரண்டு இடங்கள் எதிராளிக்குத் தெரிந்தால் இந்தத் தரவுக்குள் அவரைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்று சோதித்து ஒரு எண் கொடுக்கும், 1 வந்தால் ஒளிய இடமே இல்லை என்று அர்த்தம். நண்பரின் வண்டித் தரவில் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் 1 வந்தது. வராமல் எப்படி இருக்கும், ராத்திரி வண்டி நிற்பது அவரவர் வீட்டு வாசலில்தானே. இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு மணி வரை அதிகம் இருந்த இடம் வீடு என்று எடுத்துக்கொள்ளும் வசதியும் அதே நூலகத்தில் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தேன், பெயர் தேவைப்படவில்லை.

கடைசியில் நண்பருக்கு நான் கொடுத்தது வரைபடமே இல்லை, ஒரு தாள். ஆத்தங்குடிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், சாப்பாட்டைக் கானாடுகாத்தானுக்கு முன்னால் வையுங்கள், அவ்வளவுதான். இரவுப் புள்ளிகளை அழித்துவிட்டேன், இணையதளத்தில் அறுகோணம் வேண்டாம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். இணையதளக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பரவாயில்லை.

அடுத்து தைப்பூசப் பாதயாத்திரை. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் எங்கே இளைப்பாறுகிறார்கள், வெயில் ஏற ஏற வேகம் எப்படிக் குறைகிறது என்று பார்க்க ஆசை. கைக்கடிகாரத்தில் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்பலாம். அனுப்பும் முன் உங்கள் வீட்டிலிருந்து குன்றக்குடி வரைக்கும் உள்ள பகுதியையும், பழனியில் தங்கிய இடத்தையும் வெட்டிவிடுங்கள்.