கூவத்தின் மேல் வரைந்த கோடு

2010 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காலை, அமைந்தகரைக்குப் பின்புறம் கூவத்தின் கரையில், மண் பரிசோதனைக்குத் துளையிடும் குழுவோடு நான் நின்றிருந்தேன். படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் 19 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கான வேலை அது. கோப்புகளில் உயர்மட்டச் சாலை என்று இருந்தாலும், ஊரார் வாயில் அது அன்றும் இன்றும் பறக்கும் சாலைதான். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டியிருந்தார். ஏறத்தாழ 1,655 கோடி ரூபாய்த் திட்டம். நான் துணை ஒப்பந்தக் குழு ஒன்றின் இளநிலைப் பொறியாளன். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் மண்ணுக்குள் 15 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்பட்டது என்று எண்ணி எழுதுவதுதான் என் முதல் பணி.

அந்த எண்ணிக்கை எனக்கு இந்த நகரத்தை வேறு விதமாகக் காட்டியது. கோயம்பேட்டுப் பக்கத்தில் சிதைந்த பாறை சீக்கிரமே தட்டும். கிழக்கே சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை என்று கடலை நோக்கிப் போகப் போக மணலும் சேற்றுக்களியும் மாறி மாறி வந்து, பாறை கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். சில துளைகளில் முதல் சில மீட்டருக்குச் சுத்தியலின் அடிகளை எண்ணவே வேண்டியிருக்காது. குழாய் தன் எடையிலேயே இறங்கிவிடும். அவ்வாறு இறங்கிய இடங்களையெல்லாம் என் சொந்த நாட்குறிப்பில் தனியாகக் குறித்து வைத்தேன். அந்தப் பழக்கம் பின்னாளில் பயன்பட்டது.

சாலை போகும் வழியைச் சொன்னால் அதன் கதையில் பாதி விளங்கிவிடும். தாம்பரத்தையும் புழலையும் இணைக்கும் புறவழிச்சாலை, பெங்களூரு நெடுஞ்சாலையை மதுரவாயலில் சந்திக்கிறது. அங்கே தொடங்கிக் கோயம்பேடு வரை பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேலேயே வந்து, அதன் பின் கூவத்தைப் பிடித்துக்கொண்டு அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை வழியாகச் சென்று, நேப்பியர் பாலத்தை ஒட்டித் துறைமுகத்தின் தெற்கு வாயிலை அடைவது திட்டம். இவ்வளவு நெருக்கமான நகரத்தில், வீடும் கடையும் இல்லாமல் மேற்கிலிருந்து கிழக்கே கடல்வரை இடைவிடாமல் போகும் வெற்றிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஆறு. நிலம் கையகப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். ஆறு வழக்குப் போடாது என்று எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் சொல்வார். பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை ஊன்றிப் பறக்கும் ரயிலைக் கொண்டுபோய், 1997 இல் திருமயிலை வரை ஓடவிட்ட நகரம் இது. நீர்வழியின் மேல் கோடு போடுவது எங்களில் எவருக்கும் புதிய எண்ணமாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தேவை உண்மையானது என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. கன்டெய்னர் லாரிகளைப் பகலில் நகருக்குள் விடுவதில்லை. பெங்களூரு, திருப்பெரும்புதூர்ப் பக்கமிருந்து சரக்கேற்றி வரும் ஓட்டுநர்கள் இரவு பத்து மணிக்காகப் புறநகரில் காத்துக் கிடப்பார்கள். வடக்கே எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் துறைமுக வாயிலை நோக்கிய வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்கும் கிளீனர் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நாள்களை மீட்டுத்தரப் போகும் சாலை என்ற எண்ணமே, கூவத்தின் நாற்றத்துக்கு நடுவே எங்களை உற்சாகமாக வைத்திருந்தது.

மண் பரிசோதனை முடிந்ததும் என்னைப் பைலிங் பணிக்கு, அதாவது தூண்களைத் தாங்கப் பாறைவரை துளையிட்டுக் கான்கிரீட் பைல்களை இறக்கும் வேலைக்கு, மாற்றினார்கள். ஆற்றுக்குள் பைல் இறக்க வேண்டுமானால் முதலில் துளையிடும் இயந்திரமான ரிக் நிற்க இடம் வேண்டும். கரையிலிருந்து கட்டட இடிபாடுகளையும் செம்மண்ணையும் கொட்டி, தண்ணீருக்குள் ஒரு மேட்டை நீட்டுவோம். அதன்மேல் ரிக்கை ஏற்றி, துளையின் வாய்க்கு லைனர் என்ற இரும்பு உறையை இறக்கி, சரியாமலிருக்க பெண்டோனைட் களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டே தோண்டுவோம். பாறைக்குள் போதிய ஆழம் போனதும் கம்பிக் கூட்டை இறக்கி, ட்ரெமி குழாய் வழியே அடியிலிருந்து மேல்நோக்கிக் கான்கிரீட் நிரப்புவோம். கான்கிரீட் ஏற ஏற, அதைவிட இலேசான பெண்டோனைட் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். இதில் காக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: நிரப்பி முடிக்கும்வரை குழாயின் அடிமுனை புதிய கான்கிரீட்டுக்குள் குறைந்தது 2 மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அது வெளியே வந்துவிட்டால் கரைசல் உள்ளே புகுந்து, பைல் நடுவில் அறுந்துபோகும்.

2011 இல் ஓர் இரவு அந்த விதியை நான் மீறினேன். 1.2 மீட்டர் விட்டமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட பைல். ஏறத்தாழ 20 கன மீட்டர் கான்கிரீட், அதாவது நான்கு மிக்சர் லாரி. பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை இருந்ததால் எங்கள் கான்கிரீட்டும் இரவில்தான் வர முடியும். இரண்டு வண்டிகள் இறக்கியாயிற்று. மூன்றாவது வண்டி வழியில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் வரவில்லை. குழாய்க்குள் கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடுமோ என்ற பயத்தில், குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கி அசைக்கச் சொன்னேன். ரிக் ஓட்டிய அண்ணன், பல ஆண்டு அனுபவசாலி, “சார், அளவு பாத்துட்டுத் தூக்கலாம்” என்றார். நூல் குண்டு விட்டு அளந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் அளக்காமல் தூக்கச் சொன்னேன். குழாய் வெளியே வந்துவிட்டது. வண்டி வந்த பிறகு மீதியை நிரப்பி முடித்தோம். ஆனால் பின்னர் சுத்தியலால் தட்டி அதிர்வை அளக்கும் சோதனையில், ஏழு மீட்டர் அளவில் பைல் தொடர்ச்சியற்று இருப்பது தெரிந்தது.

கெட்டுப்போன பைலை வெளியே எடுக்க முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இரண்டு புதிய பைல்கள் போடச் சொன்னார்கள். நான்கு பைல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டிய பைல் கேப் என்ற கான்கிரீட் பீடம், இடம் மாறிய ஐந்து பைல்களைத் தழுவிக்கொள்ளும்படி அகலமாகிவிட்டது. அகலமான பக்கம் ஆற்றுக்குள்தான் நீண்டது. செலவுக் கணக்கில் இது சிறிய தொகை. எவரும் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. மேலாளர் ஒரு மணி நேரம் கண்டித்ததோடு சரி. ஆனால் அந்த ஆண்டு நவம்பர் மழையில், ஆகாயத்தாமரைக் கொத்துகளும் நெகிழிப் பைகளும் அறுந்த பாய்களும் ஆற்றோடு வந்து, சரியாக அந்தக் கேப்பின் மூலையில் மாட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேற்புறம் தண்ணீர் ஒரு சாணுக்கும் கூடுதலாக உயர்ந்திருந்ததை நானே அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கரையோரத்து வீடுகளின் வாசற்படிக்கும் வெள்ளத்துக்கும் இடையே இருந்ததே அந்த ஒரு சாண்தான். எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து வந்த பாட்டி ஒருவர் அங்கேதான் குடியிருந்தார். “தம்பி, தூணு வந்தா வீடு போயிடும்னு சொல்றாங்க, தண்ணி வந்தாலும் வீடு போயிடும். எது முதல்ல வரும்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. நாள் தெரிந்தால் சாமான்களை எடுத்து வைக்கலாம் என்ற அக்கறையோடுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வரைபடத்தில் தூண் என்பது ஒரு சிறு வட்டம். நீரியல் கணக்கிலும் அது சிறியதுதான்: ஆற்றின் குறுக்களவில் தூண்கள் அடைக்கும் பங்கைக் கழித்துவிட்டு, மீதியில் வெள்ளம் எவ்வளவு உயரும் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் வராதவை இரண்டு. ஒன்று, தூணில் சிக்கும் குப்பை. அது தூணை இரு மடங்கு அகலமாக்கிவிடும். மற்றொன்று, நாங்கள் கொட்டிய மண்மேடு. தூணைவிட அதுவே பெரிய தடை. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது விதி என்றாலும், எடுத்த பிறகும் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். இவற்றோடு கூவத்தின் முகத்துவாரம் வேறு. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் கடல்மணல், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவரில் தடைபட்டுத் தெற்கே சேர்ந்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது. அதே மணல்தான் கூவத்தின் வாயையும் திரும்பத் திரும்ப அடைக்கிறது. எந்தத் துறைமுகத்துக்காக ஆற்றின் மேல் சாலை போட்டோமோ, அந்தத் துறைமுகம் ஏற்கெனவே ஒரு முறை இந்த ஆற்றை நெரித்திருந்தது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் படித்து அறிந்தேன். மண் பரிசோதனைக்குப் போகும் முன் படித்திருக்க வேண்டியது அது.

2012 இல், தூண்கள் ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று கூறி மாநில அரசு பணியை நிறுத்தியது. இடையில் 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் சைட்டில் எல்லோரும் இதை அரசியல் என்றே பேசினார்கள்; இன்றும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். என்னால் அந்தப் பேச்சில் முழு மனதோடு சேர முடியவில்லை. நிறுத்தியவர்களின் நோக்கத்தை நான் அறியேன்; ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தை என் கண்ணால் பார்த்திருந்தேன், அதில் ஒரு பகுதி என் கையால் ஆனது. அதே நேரத்தில், கட்டிய தூண்களை ஆற்றிலேயே விட்டுவிட்டு வேலையை மட்டும் நிறுத்துவதால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தடை அப்படியே இருந்தது, சாலைதான் இல்லை.

எங்களைக் கலைத்தார்கள். நான் வேறு மாநிலத்துப் பாலப் பணிகளுக்குப் போய்விட்டேன். 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்த ஆணையை ரத்து செய்தது. வேலை அப்போதும் தொடங்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த எங்கள் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது தெரிந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கூவக் கரையிலிருந்த பல குடும்பங்கள் நகரின் தென்கோடியில் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பாட்டி வீடு இருந்த வரிசையும் காலியானது. அவர் எங்கே போனார் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

2022 மே மாதம் திட்டம் புது வடிவில் திரும்பி வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், கடற்படை, மாநில அரசு ஆகியவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே மாதம் 26 ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். கடலோரப் பகுதியில் வழி கடற்படை நிலத்தின் ஊடே போவதால் கடற்படையும் ஒரு தரப்பாயிற்று. இப்போது அது இரண்டடுக்குச் சாலை. கோயம்பேட்டிலிருந்து நேப்பியர் பாலம் வரை கீழடுக்கில் நகரப் போக்குவரத்து இடையிடையே ஏறி இறங்கும். மேலடுக்கில் மதுரவாயல் முதல் துறைமுகம் வரை சரக்கு வண்டிகள் இடைநிற்காமல் போகும். 20 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம். மதிப்பு ஏறத்தாழ 5,850 கோடி ரூபாய். முதல் மதிப்பீட்டோடு இதை நேராக ஒப்பிடுவது முறையன்று, ஏனெனில் கட்டப்படுவது வேறு பொருள். என்றாலும், இழந்த ஆண்டுகளின் விலையும் அந்த எண்ணுக்குள் இருக்கத்தான் செய்கிறது.

ஒரே அடுக்கைத் தாங்குவதற்காக வடிவமைத்து, ஆண்டுக்கணக்கில் கூவத்தின் காற்றிலும் கழிவுநீரிலும் நின்ற பழைய தூண்கள் இரண்டடுக்கைத் தாங்கா. கழிவுநீரிலிருந்து எழும் வாயு கான்கிரீட்டின் மேற்தோலை அரித்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கையால் உரசினால் துரு உதிர்ந்தது. எனவே அவற்றை இடித்து அகற்ற வேண்டியதாயிற்று. பழைய அடித்தளங்கள் எங்கெங்கே உள்ளன என்று சரிபார்த்துக் கொடுக்கும் வேலைக்காக, 2024 இல் என்னைக் கேட்டார்கள். சம்பளம் பற்றிப் பேசுவதற்கு முன்பே சம்மதித்துவிட்டேன்.

இடிப்பது கட்டுவதைப் போல அல்ல. தூணையும் கேப்பையும் உடைத்து அள்ளலாம். பைலை ஆற்றுப்படுகை மட்டத்துக்குக் கீழே வரை வெட்டிவிட்டு, மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட வேண்டியதுதான். அதனால் புதிய பைல்கள் இறங்கும் இடத்தில் பழைய பைல் ஒன்றும் குறுக்கிடாதபடி பார்க்க வேண்டும். ரிக்கின் பல் பழைய கான்கிரீட்டையும் கம்பியையும் கடித்தால் துளை சாய்ந்துவிடும். ஒரு வாரம் போய்விடும். வரைபடத்தை விரித்து, பழைய பைல்களைக் குறிக்கும் புள்ளிக்கோட்டு வட்டங்களை ஒவ்வொன்றாக டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியின் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். என் கேப்பின் இடத்துக்கு வந்ததும், அங்கே ஐந்து வட்டங்கள் இருந்தன. ஆறு இருக்க வேண்டும்.

விடுபட்டது நான் கெடுத்த பைல். அதைச் சைட் பதிவேட்டில் மட்டும் எழுதியிருந்தேன். இறுதி வரைபடத்துக்கு அனுப்பும் குறிப்பில் சேர்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன். அந்த வரைபடத்தின் முன் நின்றபோது, மறந்திருக்க வழியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பதிவேடு இப்போது எங்கும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து நாட்குறிப்பை எடுத்து வந்தேன். துளை அளவுகளுக்கு அடுத்த பக்கத்தில், அந்த இரவின் தேதியும், பைலின் ஆயத்தொலைவுகளும், “7 மீ.யில் அறுந்தது” என்ற குறிப்பும் என் கையெழுத்தில் இருந்தன. பொறுப்பாளரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், இதை வரைபடத்தில் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்” என்றார். ஆறாவது வட்டத்தை வரைந்து, பக்கத்தில் தேதியிட்டேன். அதன் விளிம்பு, புதிய பைல் ஒன்று வர வேண்டிய இடத்துக்குள் விழுந்தது. மறுநாள் வடிவமைப்பாளர்களுக்கு எழுதி, கணக்கை மறுபடி சரிபார்த்து, அந்தப் பைலைக் கரைப் பக்கமாக நகர்த்தினார்கள். ரிக் புதிய இடத்தில் நின்றதும், நூல் குண்டை எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தேன்.