கன்சென்ட்டுக்கு அலைந்ததும் கறுப்புத் தண்ணீர் தெளிந்ததும்

சங்கச் செயலாளர் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கு வழக்கு தெரிந்தவர் என்று யாரோ சொல்ல, கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். முதல் வாரம் கட்டுநர் விட்டுச் சென்ற கோப்பைப் பிரித்தேன். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது கன்சென்ட், காலாவதியாகி 14 மாதங்கள் ஆகியிருந்தன. அதுவும் கட்டுநர் பெயரில்.

சென்னையின் தெற்கு விளிம்பில் 112 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நாளொன்றுக்கு 60 ஆயிரம் லிட்டர் கழிவுநீர். அதை அடித்தளத்தில் உள்ள எஸ்.டி.பி. என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரித்து, கழிப்பறைத் தொட்டிகளுக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம், நாற்றத்தோடு.

விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். கட்டணம் மட்டும் மொத்த நிலையான சொத்து மதிப்பைப் பொறுத்தது. அதற்கு ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும். தொழிற்சாலைக்காரருக்கு இது புரியும். "சங்கத்துக்கு ஏது சார் சொத்து?" என்று எங்கள் ஆடிட்டர் சிரித்துவிட்டு, நிலம், கட்டடம், லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக எழுதினார். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்துக்கு ஓர் ஆணை, 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்துக்கு இன்னோர் ஆணை. காற்றுக்கு என்ன என்றால், ஜெனரேட்டர். அதன் திறனுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2ஆல் பெருக்கி, அத்தனை மீட்டர் கட்டடத்துக்கு மேலே புகைக்குழாய் நிற்க வேண்டும். எங்களுடையது 225 கே.வி.ஏ., ஆகவே 3 மீட்டர். அளந்தோம், சரியாக இருந்தது. கட்டுநர் ஒழுங்காகச் செய்த ஒன்றிரண்டு வேலைகளில் அதுவும் ஒன்று.

ஆய்வுக்கு வாரியத்தின் உதவிப் பொறியாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நேராக அடித்தளத்துக்கு இறங்கி, பதிவேட்டைக் கேட்டார். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் புளோயர் நாள் முழுக்க 24 மணி நேரம் ஓடியதாக அதில் எழுதியிருந்தது. மோட்டாரில் மாட்டியிருந்த மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு, பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினார். எங்கள் ஆபரேட்டர் தம்பி தரையைப் பார்த்தான். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவு 10 முதல் காலை 5 வரை புளோயரை நிறுத்தச் சொன்னது பழைய கமிட்டி. அவன் மேல் தவறில்லை.

"சார், உங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்வது இந்த இயந்திரம் இல்லை, இதற்குள் இருக்கும் பாக்டீரியா. தினம் ஏழு மணி நேரம் மூச்சை அடைத்துவிட்டுக் காலையில் வேலை செய் என்றால் எப்படிச் செய்யும்?" என்றார்.

ஒரு லிட்டர் அளவு ஜாடி கேட்டார். காற்றூட்டும் தொட்டியில் இருந்து ஒரு லிட்டர் மொண்டு அரைமணி நேரம் அசைக்காமல் வைக்கச் சொன்னார். நல்ல நிலையத்தில் பாக்டீரியா திரண்ட பழுப்பு நிறக் கசடு ஏறத்தாழ 300 மில்லி அளவுக்குத் திரண்டு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்குமாம். எங்கள் ஜாடியில் கறுப்பாக 50 மில்லி. மேலே நின்றது அரிசி களைந்த நீர் போல இருந்தது. மாதிரி எடுத்துப் போனார். பி.ஓ.டி., அதாவது நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் சோதனைக்கு 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால், அவசரப்படுத்திப் பயனில்லை. முடிவு லிட்டருக்கு 68 மில்லிகிராம் என்று வந்தது. எங்கள் ஆணையில் குறித்திருந்த வரம்பு 20.

புளோயரை அன்றே 24 மணி நேரமும் ஓட விட்டோம். பாக்டீரியா பெருகட்டும் என்று தம்பி எங்கிருந்தோ இரண்டு கூடை மாட்டுச் சாணமும் ஐந்து கிலோ வெல்லமும் கொண்டுவந்து கரைத்து ஊற்றினான். மூன்றாம் மாடிப் பாட்டி எட்டிப் பார்த்து, "பஞ்சகவ்யமா?" என்று கேட்டார். பாதி சரிதான் என்றேன். பக்கத்துக் குடியிருப்பின் நிலையத்தில் இருந்து ஒரு டேங்கர் நல்ல கசடும் வாங்கி ஊற்றினோம். பத்து நாளில் ஜாடியில் 180 மில்லி. பதினொன்றாம் நாள் திடீரென்று 90.

அது ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள். ஞாயிறு எல்லா வீட்டிலும் கழிப்பறை கழுவும் நாள்! அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில் 112 வீடுகளில் இருந்து இறங்கியிருந்தன. கழிப்பறைத் தொட்டியில் வரும் நீர் மஞ்சளாக, நாற்றமாக இருக்கிறது என்று மக்கள் அமிலம் ஊற்றுகிறார்கள், அமிலத்தில் பாக்டீரியா செத்து, நீர் இன்னும் நாறுகிறது, இன்னும் ஊற்றுகிறார்கள். வருடக்கணக்கில் இப்படியே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரும்பாடாகப் போயிற்று. போகிக்குப் பழைய டயரை எரிக்காதே, கடைக்கு மஞ்சப்பை எடுத்துப் போ என்பதையெல்லாம் வாரியம் ஒரு படம் போட்டே புரியவைத்துவிடுகிறது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வைத்தார்கள். கழிப்பறையில் என்ன ஊற்றுகிறாய் என்று 112 வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க முடியுமா? வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மூன்று கட்டைவிரல்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும் வந்தன.

பிறகு அந்த ஜாடியையே லிஃப்ட் வாசலில் மேசை போட்டு வைத்தேன். தினம் காலை ஏழரைக்குத் தம்பி நிரப்புவான். எட்டு மணிக்கு அளவைப் பலகையில் எழுதுவான். பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் முதலில் கூடினார்கள். "நேற்று 210, இன்று 190, யார் அமிலம் ஊற்றியது?" என்று அவர்களே வீட்டில் விசாரணை நடத்தத் தொடங்கினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு தாத்தாவை அவருடைய பேத்தி குளியலறை வாசலிலேயே மறித்ததாகக் கேள்வி. ஐந்தாம் வாரம் 280.

மறு மாதிரியில் பி.ஓ.டி. 14. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. சங்கப் பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தை நான் பதிவேற்றாமல் விட்டிருந்தேன். பிறகு இரண்டு ஆணைகளும் வந்துவிட்டன. காலாவதி நாளை என் நாட்குறிப்பில் சிவப்பில் எழுதியிருக்கிறேன், அடுத்த செயலாளருக்காக.

இப்போது தரைத்தளத்து நண்பர் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார். இரவெல்லாம் புளோயர் இரைகிறதாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு என்று விதியையும் எடுத்துக் காட்டினார். அவர் சொல்வது சரி. மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டாயிற்று. ஒலித்தடுப்புக் கூண்டுக்கு விலை கேட்டிருக்கிறேன்.