பெயிண்ட் செலவில் பாதி பிடித்தம்: ஒரு கார் கிளெய்ம் அனுபவம்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் முன்னே சென்ற சரக்கு வேன் சட்டென்று நின்றதில், என் காரின் முன்பக்கம் அதன் மீது இடித்தது. யாருக்கும் காயமில்லை. வேனில் கீறல்கூட விழவில்லை என்பதால் அதன் ஓட்டுநர் கிளம்பிவிட்டார். என் காரில் முன் பம்பர் பிளந்து, இடப்பக்க ஹெட்லைட் நொறுங்கி, பானட்டின் விளிம்பு மடங்கியிருந்தது. நம்பர் பிளேட் தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நபருக்குப் பாதிப்பு இல்லாததால் காவல் நிலையப் புகாரைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கவில்லை.

கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்பதை முதலில் கணக்கிட்டேன். நான்காம் ஆண்டில் ஓடும் காருக்குச் சொந்தச் சேத பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணத்தில்) 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, இருந்தது; கிளெய்ம் இன்றி ஆண்டு முடிந்தால் அது 45 ஆகியிருக்கும், கிளெய்ம் எடுத்தால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். பம்பர் மட்டும் உடைந்திருந்தால் கைக்காசைப் போட்டிருப்பேன். ஹெட்லைட்டின் விலையைக் கேட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது. அன்று மாலையே தகவல் பதிந்தேன்.

உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று உடனே கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார் சர்வீஸ் சென்டர் ஊழியர். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நல்லதாயிற்று: அவர் முன்னிலையில் பம்பரைக் கழற்றியபோதுதான் ரேடியேட்டர் தாங்கியும் வளைந்திருந்தது தெரிந்து, கூடுதல் எஸ்டிமேட்டில் அது சேர்ந்தது. பானட்டை மாற்ற வேண்டாம், தட்டிச் சரிசெய்தால் போதும் என்று அவர் சொன்னதையும் ஏற்றேன். புதிய பானட்டின் விலையில், உலோகப் பாகம் என்ற வகையில், என் காரின் வயதுக்கு 25 சதவீதம் தேய்மானமாக, அதாவது பாகம் பழசானதற்கான கழிவாக, போகும். தட்டும் கூலிக்குத் தேய்மானமே கிடையாது.

பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானமில்லாத பாலிசி என்னிடம் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் பாகங்களான பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் பாதி விலையைப் பிடித்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 8,000 ரூபாய் பெயிண்ட் செலவிலும் சரிபாதியாக 4,000 ரூபாயைக் கழித்திருந்தார்கள். பெயிண்டுக்கு 50 சதவீதத் தேய்மானம் உண்டுதான். ஆனால் அது பொருள் செலவுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், கூலியும் பொருளும் சேர்ந்த ஒரே பில்லாக இருந்தால் மொத்தத்தில் 25 சதவீதத்தையே பொருள் செலவாகக் கொள்ள வேண்டும் என்றும் பாலிசியிலேயே அச்சிட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் பொருள் 2,000 ரூபாய், பிடித்தம் 1,000 ரூபாய். தொலைபேசியில் இதை விளக்கியபோது, எல்லோருக்கும் இப்படித்தான் போடுகிறோம் என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பிய பிறகே கணக்கு திருந்தியது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் மறுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மறுத்திருந்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளத்தில் புகார் பதிவதாக இருந்தேன்.

திருத்திய கணக்கு கைக்கு வரும்வரை, வேலை திருப்தி என்ற படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். அதோடு தேய்மானமும், பாலிசியில் அடங்காத கூலண்ட், கிளிப் போன்றவற்றின் விலையும் என் பங்கு. அதைச் செலுத்தி வண்டியை எடுத்தேன். மீதியை நிறுவனம் நேரடியாக சர்வீஸ் சென்டருக்குக் கட்டியது. அடுத்த புதுப்பிப்பில், பிரீமியம் சற்றுக் கூடினாலும், தேய்மானமில்லாத பாலிசியையே எடுத்திருக்கிறேன்.