ஒரு கையெழுத்துக்கு நாலு மாசம்

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தன. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் என் பிஎம்ஐ 41, ரொம்ப அதிகம். எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மார்த்தாண்டத்தில் விடியுமுன் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய் நின்றால், கவுண்டரில் “சைக்யாட்ரி பேப்பர் எங்கே?” என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் மனநல டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் அது. முந்தின வாரம் இதே கவுண்டரில்தான் “அது சும்மா ஒரு கையெழுத்து, வரும்போது வாங்கிக்கலாம்” என்றார்கள். டாக்டர் அன்று லீவு. துணி மூட்டையோடு நானும் மைனியும் (மதினி) திரும்பினோம். இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்த தடவை தப்பு என்னுடையது. கேள்வித்தாள் இங்கிலீஷில் இருந்தது. மைனி தமிழில் சொல்லச் சொல்ல நான் டிக் அடித்தேன். வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டதுண்டா? ஆள் பார்க்காமல் சாப்பிட்டதுண்டா? மைனி பக்கத்தில் இருக்க எப்படி ஆமாம் என்பேன்? வீடு தூங்கின பிறகு மிச்சமிருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், அதுவும் தீர்ந்தால் ஏத்தங்காய் சிப்ஸும் காலியாவது எனக்கல்லவா தெரியும்! எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டேன்.

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு மைனியை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் அழுதுவிட்டேன்.

வாரம் ஒரு தடவையாவது, 3 மாதம் தொடர்ந்து இப்படிக் கைமீறிச் சாப்பிட்டால் அது பிஞ்ச் ஈட்டிங் என்கிற நோய், வெறும் ஆசை இல்லை என்றார். 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்துவிட்டார்களாம். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்தாலும், கவனிக்காமல் விட்டால் அந்தப் பழக்கம் நாள் முழுக்கக் கொறிப்பதாக உருமாறித் திரும்பலாம்.

அப்புறம் கோபம், அவசர முடிவு, கையைக் கீறிக்கொள்வது பற்றியெல்லாம் கேட்டார். சுபாவமே வாழ்க்கைக்கும் உறவுக்கும் இடைஞ்சலாகிப்போகும் ‘ஆளுமைக் கோளாறு’ என்றதும், பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ என்று நடுங்கினேன். அது இருந்தால்கூட ஆபரேஷன் கிடையாது என்று அர்த்தமில்லையாம். பத்தியமும் தொடர் சிகிச்சையும் நடுவில் விட்டுப்போகாமல் இருக்கக் கூடுதல் துணை வேண்டும், அதற்காகவே கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கோளாறு இல்லை.

4 மாதம் கவுன்சிலிங். எதை, எத்தனை மணிக்கு, என்ன மனநிலையில் சாப்பிட்டேன் என்று தினமும் நோட்டில் எழுதினேன். சண்டை நடந்த ராத்திரிகளில்தான் கிழங்குச் சட்டி காலியாகியிருந்தது!

போகிறவர்கள் சைக்யாட்ரி அப்பாயின்ட்மென்டை முதலிலேயே வாங்குங்கள். கேள்விகளைத் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் யாராக இருந்தாலும் வெளியே உட்காரட்டும்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துக் கிடைத்தது. கவுண்டரில் கொடுத்து, நகலில் சீலும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.