ஜெர்மன் பி1: தமிழெழுத்தில் உச்சரிப்பு போட்ட பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்

கோத்தே நிறுவனத்தின் ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 (நடுத்தர நிலை) ரிசல்ட் வந்துவிட்டது, நான்கு பகுதியும் பாஸ். படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் சிக்கல் இல்லை. கடைசிவரை பாடாய்ப்படுத்தியது கேட்டல்தான். வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் சொற்பட்டியல்தான் அதற்குக் காரணம். இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சொல், எதிரே ஆங்கிலப் பொருள், பக்கத்தில் தமிழெழுத்தில் உச்சரிப்பு. ஆர்ட்டிக்கிளும் (பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் முன்சொல்) கிடையாது, பன்மையும் கிடையாது. அதைவிடக் கெடுதல் அந்த உச்சரிப்புதான். தமிழில் எழுதினால் ஜெர்மன் சொற்களில் தோட்டமும் 'கார்ட்டன்', டிக்கெட்டுகளும் 'கார்ட்டன்'. உண்மையில் ஒலி வேறு: தோட்டத்துக்குக் 'காந்தி'யின் கா, டிக்கெட்டுக்குக் 'காபி'யின் கா. இப்படியே ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் 'பக்கன்' ஆகிவிடும். கேட்டலில் 2, 3ஆம் பிரிவுகளை ஒரே முறைதான் போடுவார்கள். குழம்பினால் மறுபடி கேட்க வழியில்லை.

நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனை நடத்தும் கோத்தே நிறுவனமே பி1 பட்டியலை இலவச பிடிஎஃபாகக் கொடுக்கிறது. சுமார் 2,400 சொற்கள், ஆர்ட்டிக்கிள், பன்மை, உதாரண வாக்கியம் எல்லாம் உண்டு. அதை வைத்து, கேள்வி-பதில் அட்டைகளை அவ்வப்போது திரும்பக் காட்டும் ஆங்கி செயலியில் நீங்களே அட்டை போடுங்கள். ஆண்ட்ராய்டில் காசு கிடையாது.

ஓர் அட்டை இப்படி இருக்கட்டும். முன்பக்கம்: "டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வேண்டும்". பின்பக்கம்: 'டேர் டெர்மீன்', பன்மை 'டீ டெர்மீனெ', கூடவே "இஷ் பிரௌஹெ ஐனென் டெர்மீன்" என்ற வாக்கியம், ஆடியோவோடு. 'ஒரு' என்பதன் ஆண்பால் வடிவமான 'ஐனென்' காதில் பதிந்தால் ஆண்பால் என்பதும் சேர்ந்தே பதியும். இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் அட்டையில் ஜெர்மன் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும். 'உங்', 'ஹைட்', 'கைட்' விகுதிகளில் முடியும் பெயர்ச்சொற்கள் எல்லாம் பெண்பால், தனியாக மனப்பாடம் வேண்டாம். வினைச்சொல்லுக்கு இறந்தகால வடிவத்தையும், அதற்குத் துணைவினையாக 'ஹாபன்' வருமா 'ஸைன்' வருமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆங்கி தானாக நாளைக்கு 20 புது அட்டை காட்டும். வேலைக்குப் போகிறவர்கள் 10 ஆக்கிவிடுங்கள். சில வாரத்தில் பழைய அட்டைகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இரண்டு நாள் விட்டால் மலைத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள், பலர் விடுவது அங்கேதான். எட்டு முறை மறந்த அட்டையை ஆங்கியே 'லீச்' (மனதில் நிற்காத அட்டை) என்று குறித்துவிடும். அதை அப்படியே வைத்திருக்காமல் வாக்கியத்தை மாற்றிப் போடுங்கள்.

தாம்பரம் லோக்கலில் நின்றுகொண்டே அட்டை புரட்டலாம். ஆனால் கேட்கும் பயிற்சி அந்தச் சத்தத்தில் வேண்டாம், இரண்டு 'கா'வும் ஒன்றாகத்தான் கேட்கும். வீட்டில் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள், பிறகு எழுத்தோடு ஒருமுறை.

ஒவ்வொரு பகுதிக்கும் 100க்கு 60 வேண்டும். ஒன்றில் மட்டும் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நான்கையும் மறுபடி எழுதச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கட்டாதீர்கள்.